இறங்காத கொதிப்பு

சோற்றுத் தட்டு பறந்துபோய் வாசலில் விழுந்தது.

"இன்னாடி இது, குழம்பா கழனித்தண்ணியா? உப்பில்லாமப் போட்டே என்னைக் கொல்லப் பாக்கிறியா?" தாயாரம்மாளின் குரல் தண்டலம் ஊர் முழுக்கக் கேட்டது. "டேய் பாண்டுரங்கா! இந்த வூட்டுல ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

மருமகள் செங்கமலம் குனிந்து சோற்றைப் பொறுக்கினாள். மாமியாருக்கு ரத்தக்கொதிப்பு, உப்பு ஆகாது என்று டாக்டரம்மா சொன்ன நாளிலிருந்து, மூன்று வருஷமாக அவளும் உப்பில்லாமல்தான் தின்கிறாள். கிழவியை மட்டும் தனியாகச் சப்பென்று தின்னவிட மனசு வரவில்லை. இதையெல்லாம் யாரிடம் சொல்லிக்கொள்வது!

"உப்பே கூடாதான்னு அந்த டாக்டரம்மாவையே கேட்டுடலாம். உம்மேல தப்புன்னா சாயங்காலமே உங்கம்மா வூட்டுக்குக் கிளம்பிடு," என்றான் பாண்டுரங்கன். தாலி கட்டினவன் பேசுகிற பேச்சா இது!

ஸ்ரீபெரும்புதூரில் டாக்டரம்மாவின் அறைக்குள் நுழைந்ததுமே செங்கமலத்துக்குத் தலை சுற்றியது. டாக்டரம்மா அவளை முதலில் உட்காரவைத்து, கையில் பட்டையைச் சுற்றி ரத்தக்கொதிப்பு பார்த்தாள். நூற்றைம்பது.

"நடிக்கிறா டாக்டரம்மா! கல்யாணமாகி வந்த நாளா இதே நாடகந்தான்..." ஆரம்பித்துவிட்டாள் தாயாரம்மாள்.

டாக்டரம்மா மறுபடி பார்த்தாள். நூற்றெண்பது! கால்மணி நேரம் எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொல்லிப் பார்த்தாள். அப்போதும் இறங்கவில்லை.

"உப்பு நிறையச் சேர்த்துக்குவியாம்மா?"

"தொட்டு மூணு வருஷமாச்சுங்க... அத்தை மட்டும் தனியா எப்படி..."

தாயாரம்மாள் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"திட்டு வாங்கினா யாருக்கும் ஏறும். சித்த நேரத்துல இறங்கிடும். இந்தப் பொண்ணுக்கு அது இறங்கறதுக்குள்ள அடுத்த திட்டு வந்துடுது போல," என்றாள் டாக்டரம்மா. "இப்படியே வருஷக்கணக்காப் போனா, ஏறினது ஏறினபடியே நின்னுடும்."

"நானா... நானாம்மா ஏத்திவுட்டேன்?" கிழவி சட்டென்று எழுந்தாள். "நான் வெளியே போயி நிக்கிறேன். இப்போ பாருங்க... இறங்குதா பாருங்க!"

"எங்கே போறீங்க?" செங்கமலம் எட்டி அவள் கையைப் பிடித்தாள். அடக்கிவைத்த அழுகையெல்லாம் உடைந்தது. "திட்டினதுகூடப் பெரிசில்ல அத்தை... ஒரு நாளாச்சும், நீ சாப்டியாடின்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

பாண்டுரங்கன் தலைகுனிந்தான். தாயாரம்மாள் மருமகளை மார்போடு இறுக்கிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"ஐயோ, என் கண்ணு! காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலியேடி நீ..."