கட்டைவிரல் தடம்

"பேஸ்ட் டப்பா பூரா பூசினேங்கிற. எங்க பூசினே, காட்டு மாப்ளே."

"பூச வேண்டிய இடத்துல பூசினேன். எஞ்சின் கரைக்கு வந்துச்சா இல்லையா?"

"அதத்தான் நானும் கேக்கறேன். எப்படி வந்துச்சு?"

மச்சானும் மாப்பிள்ளையும் பட்டறையில் கத்திக்கொள்வது அந்தத் தெருவுக்கு ரேடியோ மாதிரி. நின்றுபோனால்தான் ஜன்னலைத் திறந்து பார்ப்பார்கள். மச்சானுக்குத் தெரு வைத்த பெயர் 'முழுசு'. உப்பு அரித்த படகு எஞ்சின் எது வந்தாலும் முழுசாகக் கழற்றி, அரித்ததைத் தூக்கிப் போட்டுப் புதுசு மாட்டினால்தான் அவருக்குச் சோறு இறங்கும்; அதற்குள் படகுக்காரனுக்கு மீன்பிடிக் காலமே முடிந்திருக்கும். அவர் தங்கையைக் கட்டியவன் பெயர் 'ஒட்டு'. ஓட்டையைப் பார்ப்பான், இறுகினால் இரும்பாகிவிடும் பேஸ்ட்டைப் பிசைந்து அப்புவான், கட்டைவிரலால் அழுத்துவான், எஞ்சின் வீட்டுக்குப் போய்விடும். அந்த விரலின் நுனியை என்றோ ஒரு பெல்ட் தின்றுவிட்டதால், அவன் பூசிய இடத்திலெல்லாம் குட்டையாக ஒரு குழி இருக்கும். "தொரை கையெழுத்துப் போட்டிருக்காரு" என்பார் முழுசு.

இன்று பிரித்துப் போட்டிருந்த எஞ்சினில் கையெழுத்தே இல்லை. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் உறையில், கை நுழைகிற அளவுக்கு ஓட்டை, துருப்பிடித்த உதடுகளோடு திறந்து கிடந்தது. போன மழையில் அந்த எஞ்சினைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று ஒட்டு தனியாகக் கடலுக்குள் போனான். ராத்திரி முழுக்கத் தேடியும் ஆள் இல்லை. விடிந்ததும் படகு தானாகவே வருகிற மாதிரி வந்தது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, அவன் உட்கார்ந்திருந்தான். நடுவழியில் ஓட்டை விழுந்ததாகவும், இருந்த பேஸ்ட்டையெல்லாம் அப்பி அடைத்ததாகவும் சொன்னான்.

வாசற்படியில் டீயோடு நின்ற ஒட்டின் சம்சாரம் டம்ளரைப் படியிலேயே வைத்தாள். அப்படியானால் டப்பா எங்கே காலியானது?

தெரு இதற்கு முன்பே பதில் கண்டுபிடித்து வைத்திருந்தது: ஆள் அன்றைக்குக் கடலுக்கே போகவில்லை, வலைக்கடைக்காரி வீட்டில்தான் இருந்தான். சம்சாரமும் அதைத்தான் மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். குளிக்கச் சொன்னால் காய்ச்சல் வந்துவிடும் மனுஷன் இப்போது காலையும் சாயந்தரமும் குளிக்கிறான். "கடலுக்குப் போய்ட்டு வந்த எஞ்சினுக்கு நல்ல தண்ணி விட்டு ஓட்டணும்டா" என்று அண்ணன் தொண்டை வறளக் கத்தியும் எந்த எஞ்சினுக்கும் செய்யாததைத் தன் உடம்புக்குச் செய்கிறான். சட்டையைக் கழற்றுவதில்லை. படுக்கையில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறான். அழுக்குச் சட்டையில் பவுடர் வாசனை தேடி அவள் முகர்ந்து பார்த்தாள். கிடைத்தது வடிந்த கடலின் சேற்று வாடை, டீசல், துரு. இடது பை ஓரமாக உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

இப்போதும் வெயில் மண்டையைப் பிளக்க, அவன் சட்டையின் இடது பக்கம் மட்டும் ஈரமாக இருந்தது. முழங்கையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். ஃபேன் கிறீச்சிட்டுச் சுற்றியது, சமையலறைக் குழாய் சொட்டியது, பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் தேய்த்தார்கள். அந்தச் சத்தங்களுக்கெல்லாம் அடியில் இன்னொன்று கேட்டது. குனிந்து அவன் மார்பில் காது வைத்தாள். எஞ்சின் சும்மா நின்று ஓடும்போது வரும் சத்தம். டுக், டுக், டுக். ஒன்று தப்பியது. மறுபடி டுக்.

எவளுடைய நகக்கீறலாவது இருக்கட்டும் கடவுளே என்று வேண்டிக்கொண்டே பொத்தானைக் கழற்றினாள். எந்தப் பெண்சாதியும் அப்படி வேண்டியிருக்க மாட்டாள்.

சாம்பல் நிறம். விலா எலும்பிலிருந்து இடுப்பு வரை. பேஸ்ட்.

விளிம்பில் லேசாகத் தூக்கியிருந்தது. அங்கிருந்து கசிந்தது. நாக்கில் வைத்தாள். உப்பு.

மேலே விரல் தடங்கள். வரிசையாக. அவள் தன் கட்டைவிரலை ஒரு குழியில் வைத்துப் பார்த்தாள். குழி பெரிது. அவன் விரலை எடுத்து வைத்துப் பார்த்தாள்.

தடம் அவன் குட்டை விரலைவிட நீளம். நுனி முழுசாக இருந்தது.

பின்னால் நிழல் விழுந்தது. சண்டையின் மிச்சத்தை முடிக்க வந்த அண்ணன். கையில் பேஸ்ட் சுரண்டும் தகடு. அவருக்கு முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை.

"தள்ளும்மா. கழட்டித்தான் பாக்கணும்."

"வேணாம் மச்சான்." ஒட்டு கண்ணைத் திறக்கவில்லை. "ஓடிட்டிருக்கும்போது கழட்டக் கூடாது. நீங்கதான சொல்வீங்க."

முழுசு குனிந்து, தூக்கியிருந்த விளிம்புக்குள் தகட்டை நுழைத்தார். கொஞ்சம். தகடு முழுவதும் உள்ளே போனது. எதிலும் முட்டவில்லை.

சத்தம் தப்பியது. மறுபடியும் தப்பியது. அவன் உதடு நீலமானது.

அவள் அண்ணன் கையைப் பிடித்துத் தகட்டை வெளியே இழுத்தாள். அன்று ராத்திரி முழுக்கக் கரையில் நின்று கடலிடம் அவள் கத்திக் கேட்டுத் திரும்ப வாங்கிய ஆள்.

"ஓடுதுல்லண்ணே. விடுங்க."

"இது ரிப்பேர் இல்லம்மா."

"எனக்கு இது போதும். புது டப்பா இருக்கா பட்டறையில?"

அந்த வாரமே முழுசு குடும்பத்தோடு உள்நாட்டுப் பக்கம் குடிபோனார். கடல் வாடையே எட்டாத ஊரில் கிணற்று மோட்டார் கழற்றி மாட்டுகிறாராம், தங்கை பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாராம். வலைக்கடைக்காரி ஐஸ் லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டு அவன் ஊருக்குப் போய்விட்டாள். சந்தேகப்பட ஆளில்லாமல் தெருவுக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. இருந்தாலும் ஒட்டின் சம்சாரம் இத்தனை டப்பா வாங்குகிறாளே, வீட்டில் அப்படி என்ன ஓட்டை என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

சாயந்தரமானால் அவள் பேஸ்ட்டைப் பிசைகிறாள். கசிகிற இடத்தில் அப்பி, தன் கட்டைவிரலால் அழுத்துகிறாள். காலையில் பார்த்தால் அவள் தடம் அழிந்து, அந்த நீள விரல்களின் தடம் இருக்கும். அதற்கும் பழகிவிட்டாள்.

இன்று காலையில் தொட்டுப் பார்த்தபோது அவை குழியாக இல்லை. புடைத்திருந்தன. உள்ளேயிருந்து அழுத்தியது போல.

அவள் கை வைத்திருக்கும்போதே, இன்னொன்று எழும்பியது.