வாயைத் தின்னும் துணி

அந்த ஆஸ்பத்திரிக் கூடத்தில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கும் வாய் இல்லை.

நான்கு வயது வாண்டுவின் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. பெஞ்சு பெஞ்சாகக் கண்கள். கண்களுக்குக் கீழே நீலத் துணி, வெள்ளைத் துணி, கறுப்புத் துணி. வெளியே மழை வெளுத்து வாங்கியது. கரண்ட் போய், பட்டப் பகலிலேயே கூடம் இருண்டு கிடந்தது. யாரோ இருமினார்கள். எந்தத் துணிக்குள்ளிருந்து என்றுதான் தெரியவில்லை.

வாண்டுவுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. அம்மா சீட்டு வாங்க வராந்தா வரிசையில் நின்றாள். போகும்போது, "தம்பியப் பாத்துக்கோ. மாஸ்க கழட்டினா டாக்டர்கிட்ட விடமாட்டாங்க" என்று மொட்டுவிடம் சொல்லியிருந்தாள். மொட்டு அவனுடைய அக்கா. பத்து வயது.

ஊரெங்கும் சளிக்காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. கம்பவுண்டர் ஒரு முறை வந்து, கைக்குழந்தைகள் இருக்கிற இடம், மூக்கையும் வாயையும் மூடினால்தான் உள்ளே இருக்கலாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் மொட்டு மாட்டிவிட, மாட்டிவிட, வாண்டு பிடுங்கிக்கொண்டே இருந்தான்.

மூன்றாம் முறை அவன் அவள் காதோடு சொன்னான்: "வேணாம்க்கா. இது என் வாயத் தின்னுடும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே அக்கா வாயால் தம்பி கெட்டான். நேற்று அவள் வீட்டுப்பாடம் எழுதும்போது அவன் தொணதொணவென்று பேசிக்கொண்டே இருந்தான். அதிகம் பேசுகிற பிள்ளைகளின் வாயை மாஸ்க் தின்றுவிடும் என்று அவள் ஒரு கதை கட்டிவிட்டாள். நேற்று அவன் சிரித்தான். காய்ச்சல் ஏறியதும் அந்தக் கதை உள்ளே போய் வேர் பிடித்துக்கொண்டது.

"அது பொய்டா. நான்தான் சும்மா சொன்னேன்."

"அப்புறம் ஏன் யாருமே பேசல?"

மொட்டு சுற்றிலும் பார்த்தாள். உண்மைதான். யாரும் பேசவில்லை. முப்பது ஜோடிக் கண்களும் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தன. எதிரில் இருந்த கண்ணாடிக்கார அக்காவின் முகம் துணிக்குள் எப்படி இருக்கும் என்று யோசித்தாள். ஒன்றும் தோன்றவில்லை. அவள் கை தானாக எழுந்து, தன் மாஸ்க்கின் மேலாகத் தன் வாயைத் தடவிப் பார்த்தது.

கடவுளே, நான் செய்ததை நானே சரி செய்யணும் என்று நினைத்துக்கொண்டு, மொட்டு அவன் கையைப் பிடித்து எழுந்தாள்.

"அக்கா, தம்பி பயப்படறான். உங்களுக்கு வாய் இருக்குன்னு ஒரு சத்தம் குடுக்கறீங்களா? மாஸ்க கழட்டாம."

கண்ணாடிக்கார அக்கா ஒரு கணம் விழித்தாள். பிறகு துணிக்குள்ளிருந்து "ம்ம்ம்" என்று ஒரு ராகம் வந்தது. அடுத்திருந்த தபால்காரர் சீட்டி அடித்தார். அவருடைய மாஸ்க் தவளை வயிறு போல உப்பி அடங்கியது. ரொட்டிக்கடைக்காரர் எலி போலக் கீச்சிட்டார். வாண்டுவின் பிடி மெல்லத் தளர்ந்தது.

மூலை ஜன்னலோரம் கறுப்பு மாஸ்க் போட்ட ஒருவர் இருந்தார். காக்கிச் சட்டை. லாரி டிரைவர் போல இருந்தது. மொட்டு அவரிடமும் கேட்டாள். பதில் இல்லை. மறுபடி கேட்டாள். அவர் அசையாமல் அவளையே பார்த்தார்.

"இவர் வாயத் தின்னுடுச்சு" என்றான் வாண்டு. அவன் நகம் அவள் கையில் பதிந்தது.

கூடம் மறுபடி அடங்கிப்போனது. ஓடிவிடலாமா என்று கால் துடித்தது. ஆனாலும் மொட்டு ஓர் அடி முன்னால் வைத்தாள். அப்போதுதான் சட்டைக் காலருக்குள் வெள்ளைக் கட்டு தெரிந்தது. தொண்டையில் ஆபரேஷனா, பேசக் கூடாதா என்று கேட்டாள். அவர் தலையாட்டினார்.

மழைக்கு ஜன்னல் கண்ணாடி ஆவி படிந்து வெளுத்திருந்தது. மொட்டு அதைக் காட்டினாள். "பேச வேணாம் மாமா. வரைஞ்சு காட்டறீங்களா?"

அவர் விரலால் ஒரு வட்டம் போட்டார். இரண்டு கண்கள். காது வரைக்கும் நீண்ட ஒரு சிரிப்பு. அதன்மேல் மெல்லிய கோடுகளால் மாஸ்க் வரைந்து, இரு காதிலும் மாட்டிவிட்டார். கோடுகளுக்கு அடியில் சிரிப்பு அப்படியே இருந்தது.

வாண்டு வெகுநேரம் பார்த்தான். "உள்ளேயேதான் இருக்கு" என்றான். பிறகு அவர் கழுத்தைப் பார்த்து, வலிக்கிறதா என்று விசாரித்தான். அவர் கொஞ்சம் என்று விரலால் அளந்து காட்டினார்.

வாண்டு அக்காவிடம் முகத்தை நீட்டினான். "போட்டு விடு."

அம்மா சீட்டோடு வந்தாள். அவர்கள் முறையும் வந்தது. டாக்டர் டார்ச்சை எடுத்து, மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கி வாயைத் திறக்கச் சொன்னார்.

வாண்டு சிலையானான். மொட்டு அவன் தோளைத் தொட்டாள். அவன் கண்ணை இறுக மூடி, துணியைத் தானே இழுத்து இறக்கி, விரலால் உதட்டைத் தடவினான். நாக்கால் பல் பல்லாகத் தொட்டுப் பார்த்தான். அப்புறம் குகை போலத் திறந்தான்.

"அவ்வளவு வேணாம் கண்ணு" என்றார் டாக்டர். "நான் உள்ள வரப் போறதில்ல."

மொட்டு தன் மாஸ்க்குக்குள் சிரித்தாள்.