பூட்டிய சிப்

குருநகர்க் கரையோரத்தில் இருந்த மீனவர் சங்க அறைக்கு ஜெரிசன் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. மழை இருட்டு. அறைக்குள் மீன் வாடையோடு இன்னொரு வாடையும் இருந்தது. ஈரச் சாக்கை நாள்கணக்கில் மூடி வைத்தால் வருமே, அது.

பக்கத்து ஊரான திருநெல்வேலியில் கணினி திருத்தும் கடை வைத்திருப்பவனுக்குப் பழுதான மெமரி சிப் புதினமில்லை. கடலுக்குப் போன படகுகள் வோக்கியில், அதாவது கம்பியில்லாக் கருவியில், கதைப்பதையெல்லாம் இங்கே ஒரு தீப்பெட்டி அளவுக் கணினி சிப்பில் பதிந்து வைக்கும். பத்தொன்பது நாட்களுக்கு முன் றயன் தனியே ஓட்டிப்போன படகு திரும்பவில்லை. சிப்பும் அன்றைக்கே பழுதாகியிருந்தது.

றயனின் மனைவி வினிபிரட் வாசலிலேயே காத்து நின்றாள்.

"தம்பி, அவர் கூப்பிட்டவரோ இல்லையோ, அதை மட்டும் பாத்துச் சொல்லும். கரை 'கேட்குது, வா' எண்டு சொல்லுமட்டும் எங்கடை ஆக்கள் கூப்பிடுறதை விடமாட்டினம். எங்கடை வழக்கம் அது."

"ஒருத்தரும் கூப்பிடேல்லை," என்றார் கிறிஸ்ரி. அன்று வோக்கிக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர்தான். "கரண்ட் போய் சிப் பழுதாப் போச்சு. உந்தச் சிப்பை எறிஞ்சுபோட்டுப் புதுசு போடும்."

கரண்டைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஜெரிசனுக்கு அது உறுத்தியது.

சிப்பைக் கழற்றித் தன் மடிக்கணினியில் செருகினான். இருப்பதையும் கெடுத்துவிடக் கூடாதென்று, வாசிக்க மட்டும் முடியும்படி, எதையும் எழுத முடியாதபடி பூட்டினான். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றுபோனால் சிப்பின் அட்டவணை குழம்பிப்போகும்; எந்தத் துண்டு எந்தக் கோப்புக்கு உரியது என்று அதற்கே தெரியாது. இங்கே நடந்ததும் அதுதான். ஆனால் மேசைக்குக் கீழே பெரிய பற்றரி ஒன்று இருந்தது. ஊரே இருண்டாலும் நாலு மணித்தியாலம் தாங்கும்.

"அண்ணை, வயரை ஆர் கழட்டினது?"

கிறிஸ்ரி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சிதறிய துண்டுகளைத் தேடிப் பொறுக்கியதில் ஒரேயொரு ஒலிக்கோப்பு தேறியது. நாற்பது விநாடி.

"கரை, கரை... றயன் கதைக்கிறன். எஞ்சின் நிண்டுட்டுது. தண்ணி ஏறுது. கேட்குதோ?"

வினிபிரட் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அழவில்லை. கிறிஸ்ரியை மட்டும் பார்த்தாள்.

"குடிச்சிட்டு நித்திரையாப் போனன்," என்றார் அவர், வாய்க்குள். "எழும்பேக்கையும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தவன். ரெண்டு மணித்தியாலமாக் கூப்பிட்டது பதிவிலை கிடக்கும். பயத்திலை எல்லா வயரையும் இழுத்துப்போட்டன்."

பாவி மனிதர். ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

ஜெரிசன் திரைக்குத் திரும்பினான். கோப்பின் நீளம் நாற்பத்தெட்டு விநாடி.

முதலில் பிழையாகப் பார்த்திருப்பான்.

ஐம்பத்தைந்து.

பூட்டைச் சரிபார்த்தான். பூட்டித்தான் இருந்தது. பூட்டிய சிப்பில் ஒரு எழுத்துக்கூட ஏறாது. ஒரு முறைக்கு மூன்று முறை பார்த்தான்.

ஒரு நிமிடம் பத்து விநாடி.

"கரை, கரை... கேட்குதோ?"

அவன் ஓட்டாமலே ஒலிக்கோப்பு ஓடியது. ஈரச் சாக்கு வாடை மூக்கில் ஏறியது.

"கேட்குதோ?"

குரலுக்குள் இப்போது தண்ணீர் இருந்தது. ஜெரிசன் சிப்பைப் பிடுங்கக் கை நீட்டினான். வினிபிரட் அந்தக் கையைப் பிடித்தாள்.

"பொறும் தம்பி. இன்னும் ஒருத்தரும் அவருக்குப் பதில் சொல்லேல்லை."

"வேண்டாம் பிள்ளை," என்று கிறிஸ்ரி கெஞ்சினார். "சொல்லாதை."

அவள் மடிக்கணினிக்குக் கிட்டக் குனிந்தாள்.

"கேட்குது. வாங்கோ."

ஒலிக்கோப்பின் இரைச்சல் நின்றது. எண்கள் நின்றன. ஜெரிசன் சிப்பைப் பிடுங்கி எடுத்தான். அது அவன் உள்ளங்கையில் நனைந்து கிடந்தது. மழை கூரையில் பெய்துகொண்டிருந்தது.

மேசையின் மற்ற மூலையில் கிறிஸ்ரி வயரைப் பிடுங்கிய அந்த வோக்கி இருந்தது. பத்தொன்பது நாட்களாக அதற்கு வயர் கொடுக்கப்படவேயில்லை.

அதிலிருந்து குரல் வந்தது. இரைச்சல் இல்லாமல், மிகக் கிட்டத்தில்.

"கரைக்கு வந்திட்டன். கிறிஸ்ரி எங்கை?"