பாளையங்கால் கரையில் இரண்டு சைக்கிள்கள்

எதிரே வந்த சைக்கிள் தவறான பக்கத்தில் வந்தது.

முன்னீர்பள்ளம் தாண்டி, பாளையங்கால்வாயை ஒட்டிச் சாலை வளைகிற இடம் அது. ஷம்ஸியாவுக்கு இடப்பக்கம் நெல் வயல், வலப்பக்கம் கால்வாய். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு அந்த வளைவில் யாரும் வர மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் அவள் கொஞ்சம் வேகமாகவே வந்துகொண்டிருந்தாள்... திடீரென்று அவளுடைய பக்கத்தில், அவள் முகத்துக்கு நேராக, ஒருவன்.

அவள் வயல் பக்கம் ஒடித்தாள். அவன் கால்வாய்ப் பக்கம் ஒடித்தான். அவளுடைய முன்சக்கரம் சேற்றில் சொருகி நின்றது. அவனுடைய சைக்கிள் கரையிலேயே விழுந்துவிட்டது. அவன் மட்டும் கால்வாய்க்குள் போய்விட்டான்.

அவள் மேட்டில் ஏறி எட்டிப் பார்த்தாள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். முப்பது வயதிருக்கும். முடியிலிருந்து நீர் சொட்டச் சொட்ட, அடி பட்டுவிட்டதா என்று அவன்தான் முதலில் கேட்டான். அதற்கு இளகியிருக்கலாம்... ஆனால் அவளுக்குக் கோபம் முந்திக்கொண்டது.

"இடது பக்கமா வரணும்னு தெரியாதா?"

"தெரியும்..." என்றான் அவன். "மனசுக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியல்ல."

ஏழு வருடமாக ரியாத்தில் லாரி ஓட்டுகிறானாம். அங்கே எல்லாம் வலப்பக்கம். எதிரே வண்டிகள் வந்தால் ஞாபகம் வந்துவிடுமாம். காலிச் சாலையைக் கண்டால் கை தானாக அந்தப் பக்கம் போய்விடுமாம். ஊர் பத்தமடை, பெயர் அம்மார், விடுமுறையில் வந்து இரண்டு நாள்தான் ஆகிறது... ஒரு குற்றவாளி வாக்குமூலம் கொடுப்பதுபோல, தண்ணீரில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். அவனுடைய கண்களை அப்போதுதான் அவள் பார்த்தாள். எதையும் ஒளித்துவைக்கத் தெரியாத கண்கள். ஈர இமைகளுக்கு நடுவே காலை வெயில் இரண்டு துளியாக நின்றிருந்தது.

அவனுடைய செருப்பு ஒன்று தனியாக மிதந்து போய்க்கொண்டிருந்தது.

"அது எங்க ஊரு மேலப்பாளையத்துக்குத்தான் போகுது. ஆளு கிடைச்சா குடுத்துவிடுதேன்" என்றாள். சொல்லிவிட்டு, சிரித்துவிடக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வாரத்தில் ஆறு நாள் பாளையங்கோட்டையில் ஓர் ஆய்வகத்தில் உட்கார்ந்து, நுண்ணோக்கி வழியாக யார் யாருடைய ரத்தத்தையோ பார்ப்பது ஷம்ஸியாவின் வேலை. ஏழாவது நாள் அவளுடையது. தலைத் துணியைச் செருகி, மேலே ஹெல்மெட்டை மாட்டி, சைக்கிளை எடுத்துவிடுவாள். முன்னீர்பள்ளம், கோபாலசமுத்திரம், பத்தமடை, சேரன்மகாதேவி... திரும்ப மேலப்பாளையம். வாப்பா ஷேக் மைதீன் முதல் மூன்று வாரம் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தார். நான்காவது வாரம், 'உனக்குத் தைரியம் வந்துட்டு, எனக்கு முதுகுவலி வந்துட்டு' என்று நின்றுகொண்டார்.

அந்தச் சைக்கிளால் இரண்டு சம்பந்தங்கள் நின்றுபோயிருந்தன. முதல் வீட்டுக்காரர்கள் காரணம் சொல்லவில்லை. இரண்டாவது வீட்டுக்காரர்கள் சொல்லியே அனுப்பினார்கள். ஷம்ஸியா ஒரு முடிவு செய்திருந்தாள். கல்யாணம் இல்லாமல்கூட இருந்துகொள்ளலாம். இந்தக் காற்று இல்லாமல் முடியாது.

அவள் படிக்கிற மொழிபெயர்ப்பு நாவல்களில் காதல் என்பது பனி கொட்டும் ரயில் நிலையங்களில்தான் வரும். கம்பளிக் கோட்டும் கையுறையும் வேண்டும். செருப்பைத் தொலைத்துவிட்டுக் கால்வாயில் நிற்பவனிடம் வரும் என்று எந்தப் புத்தகமும் அவளை எச்சரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் சரியான பக்கத்தில் வந்தான். அதற்கடுத்த ஞாயிறு எதிரே வராமல், கோபாலசமுத்திரத்து டீக்கடை முன்னால் காத்திருந்தான். அந்தச் சைக்கிள் அவனுடைய மச்சானுடையது. இருபத்தொரு கியரில் எதை எப்போது மாற்றுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. லாரியின் கியர் தெரிந்தவனுக்கு இது தெரியாதா என்று அவள் கேலி செய்தாள். லாரி இப்படிக் கீச்சுக்கீச்சென்று அழாது என்று அவன் முறையிட்டான். மேட்டில் எப்படி இளக்குவது, இறக்கத்தில் எப்படி இறுக்குவது என்று அவள் முன்னால் ஓட்டிக் காட்டினாள். அவன் பின்னாலேயே வந்தான்... எப்போதும் பத்தடி தள்ளி.

தை மாதம் அந்தப் பள்ளத்தாக்குக்கென்றே ஒரு வெளிச்சத்தை வைத்திருந்தது. மழை முடிந்து குளங்களெல்லாம் நிறைந்து கிடந்தன. பிசானப் போகத்து நெல் பால் பிடித்து, வயல் முழுக்க இளஞ்சூட்டில் ஒரு வாசம். மேற்கே மலை கழுவிவைத்ததுபோல் நீலமாக, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல. மருத மரங்களின் நிழல் சாலையில் வரிவரியாக விழும். வெயிலும் நிழலும் மாறி மாறி முகத்தில் அடிக்க, இரண்டு சைக்கிள்களும் பேசாமல் போகும். அவன் பேசாதபோதும் பின்னால் அந்தச் சங்கிலியின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் போதும் என்று அவளுக்கு இருக்கும். பிறகு, இது என்ன பைத்தியம் என்று பெடலை வேகமாக மிதிப்பாள்.

நான்காவது ஞாயிறு, ஆற்றுப் படித்துறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, அவளே ஆரம்பித்தாள்.

"ஒண்ணு சொல்லணும். இந்தச் சைக்கிளால ரெண்டு சம்பந்தம் நின்னுபோச்சு. இன்னும் எத்தனை வந்தாலும் நிக்கும். எனக்கு அதுல வருத்தமில்ல."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான்.

"வருத்தமில்லன்னா... அதை ஏன் என்கிட்ட சொல்லுதீங்க?"

அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது, அதுதான் சிக்கல். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அன்று பத்தடி இடைவெளி ஐந்தடி ஆனது.

அந்த வாரமே, அம்மார் வீட்டில் சொன்னதன்பேரில், அவனுடைய உம்மா ஹமீது பீவி சொந்தக்காரர்கள் நாலு பேரோடு பெண் கேட்டு வந்தாள். அம்மாரும் வந்திருந்தான். ஷம்ஸியா உள்ளறையில், திரைக்குப் பின்னால் நின்றாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. குடும்பம், வேலை, எந்த மாதம் வைத்துக்கொள்ளலாம்... பிறகு ஹமீது பீவி சாதாரணமாக, மழை வருமா என்று கேட்பவள்போலச் சொன்னாள். கல்யாணத்துக்குப் பிறகு இந்தச் சைக்கிள் சுற்றுவதெல்லாம் வேண்டாம், எங்கள் தெருவில் அது சரிப்படாது என்று.

வாப்பா மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார். ஷம்ஸியா திரையின் ஓரத்தைப் பிடித்தபடி ஒரு குரலுக்காகக் காத்திருந்தாள். இப்போது சொல்வான்... இதோ சொல்வான்... மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது.

அவர்கள் போன பிறகு, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் வாப்பா என்றாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

அவன் இரண்டு தடவை போனில் அழைத்தான். அவள் எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு அவள் பாளையங்கால் பக்கமே போகவில்லை. ஆற்றுக்கு வடகரையில், பேட்டை வழியாகச் சுத்தமல்லிக்குப் போனாள். அங்கேயும் வயல் இருந்தது, மலை இருந்தது, அதே வெளிச்சம் இருந்தது. ஆனால் பின்னால் சத்தம் இல்லை. யாரும் வராத சாலையில் திரும்பித் திரும்பிப் பார்ப்பது அவளுக்கே அவமானமாக இருந்தது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே.

மூன்றாவது ஞாயிறு, சுத்தமல்லி அணைக்கட்டின் அருகே அவன் நின்றுகொண்டிருந்தான். இளைத்திருந்தான். பக்கத்தில் அதே சைக்கிள்.

அவள் நிறுத்தாமல் போயிருக்கலாம். கால் அவளைக் கேட்காமல் தரையில் ஊன்றிக்கொண்டது.

ஞாயிறுக்கு ஒரு சாலையாகத் தேடியதாகச் சொன்னான். வீட்டுக்கு வருவதற்கு முகம் இல்லை என்றும் சொன்னான். பிறகு, பெண் கேட்டு வந்த அந்த நாளின் பேச்சுக்கு வந்தான்.

"ஏழு வருஷமா உம்மாகிட்ட போன்லதான் பேசினேன். நல்லா இருக்கேன்னு சொல்லியே பழகிட்டு. நாலு பேர் முன்னால எதுத்துப் பேச வாய் வரல்ல. அது காரணம்தான்... நியாயம் இல்ல."

"அப்புறம்?"

"மறுநாளே வீட்டுல சொல்லிட்டேன். சைக்கிளை விட்டுட்டு வர்ற ஷம்ஸியா எனக்கு வேண்டாம்னு. அன்னையிலேருந்து உம்மா என்கூட பேச மாட்டேங்காவ. சோறு மட்டும் போடுதாவ."

சிரிப்பு வந்தது அவளுக்கு. கண்ணும் கலங்கியது. இரண்டையும் மறைக்க அணைக்கட்டைப் பார்த்தாள். தண்ணீர் வெள்ளை வெள்ளையாக வழிந்துகொண்டிருந்தது. கோபமாக இருந்தபோது எவ்வளவு எளிதாக இருந்தது...

வரும் செவ்வாய்க்கிழமை ரியாத் விமானம் என்றான். அவள் தன்னைத் தப்பாக நினைத்தது சரிதான் என்று நேரில் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தானாம். வேறு எதுவும் கேட்க வரவில்லையாம்.

ஷம்ஸியா போனை எடுத்து வாப்பாவை அழைத்தாள். எங்கே போகப் போகிறாள், யாரோடு, எதற்கு என்று எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு, வழியில் தண்ணீர் குடித்துக்கொள் என்று மட்டும் வாப்பா சொன்னார்.

"இங்கன இருந்து உங்க வீடு எவ்வளவு தூரம்?" என்றாள் அம்மாரிடம்.

"கல்லூர் போய்ப் பாலம் ஏறினா... பதினாறு, பதினேழு கிலோமீட்டர். ஏன்?"

"உங்களுக்கு வாய் வரல்லன்னா பரவாயில்ல. எனக்கு வரும்."

முதல் தடவையாக இருவரும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினார்கள். கல்லூரைத் தாண்டும்போது, வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தூறல் வந்தது. வெயிலை உடைத்துத் தூவியதுபோல மெல்லிய தூறல். ஒதுங்கலாமா என்று அவன் கண்ணால் கேட்டான். வேண்டாம் என்று அவள் கண்ணால் சொன்னாள். பாலத்தின் மேல் ஏறியபோது தூறல் நின்றுவிட்டது. கீழே தாமிரபரணி பாறைகளுக்கிடையே பிரிந்து, பிறகு சேர்ந்து, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. பயமாக இருக்கிறதா என்று அவன் கேட்டான். இல்லை என்று அவள் பொய் சொன்னாள்.

பத்தமடையில் அம்மாரின் வீடு தெருவின் நடுவில். இரண்டு சைக்கிள்கள் வந்து நின்றதும் அக்கம்பக்கத்துக் கதவுகள் பைய திறந்துகொண்டன. ஹமீது பீவி முன்வாசலில் நாற்காலி போட்டு, மடியில் முருங்கைக்கீரையை வைத்து உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். வியர்வையும் தூறலுமாக நனைந்த பெண்ணை உச்சி முதல் கால் வரை பார்த்தாள்.

ஷம்ஸியா ஸலாம் சொன்னாள். பதில் ஸலாம் வந்தது. வழியெல்லாம் மனதுக்குள் அடுக்கிவைத்த பேச்சு, ஒரு வார்த்தைகூட அப்போது வரவில்லை.

"நான் இவன்கிட்ட பேசுறதில்ல" என்றாள் ஹமீது பீவி, மகன் இருந்த பக்கம் திரும்பாமலே. "நீ கேளு. காலையில ஒண்ணும் திங்காம எங்க போனானாம்?"

ஷம்ஸியா தயக்கத்தோடு அவனிடம் திரும்பினாள். "காலையில சாப்பிடாம எங்க போனீங்கன்னு மாமி கேக்காவ..."

"உன்னைத் தேடித்தான்னு சொல்லு."

இத்தனை நாள் 'நீங்க' என்றவன். அவளுக்குக் காதுவரை சூடேறியது.

"என்ன சொல்லுதான்? எனக்குக் காது கேக்கல்ல" என்றாள், இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த ஹமீது பீவி.

"என்னைத் தேடித்தான்னு... சொல்லுதாங்க."

எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஹமீது பீவி கீரையை உருவினாள். "ஊர்ல வேற புள்ளையே இல்லியா, இவளைத்தான் கட்டணும்னு ஏன் நிக்கான்னு கேளு."

இந்த முறை அம்மார் காத்திருக்கவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உம்மாவின் முன்னால் வந்து நின்றான். தெரு முழுக்கக் கேட்கும்படிதான் பேசினான்.

"ஏழு வருஷம் மணலைப் பாத்துக்கிட்டே வண்டி ஓட்டினேன் உம்மா. இவ எனக்கு முன்னால சைக்கிள்ல போனப்பதான், நான் ஊருக்கு வந்துட்டேன்னு எனக்கே தெரிஞ்சுது. இவளை வீட்டுக்குள்ள உக்கார வச்சுட்டா... நான் எதைப் பாக்கத் திரும்பி வருவேன்?"

ஹமீது பீவியின் விரல்கள் கீரைக் காம்பில் நின்றன. மகனை இன்னமும் பார்க்கவில்லை. ஷம்ஸியாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் முன்பிருந்த கறார் இல்லை. ஏதோ ஒன்றை எடைபோடும் நிதானம் இருந்தது.

"உன்கிட்ட நான் நேராவே கேக்கேன். இவனுக்காக அந்தச் சைக்கிளை விடுவியா?"

இதற்கு 'ஆமாம்' என்று சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். சின்ன வார்த்தை. தெருவே அந்த வார்த்தையைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தது.

"மாட்டேன் மாமி."

"அப்ப... சைக்கிளுக்காக இவனை விட்டுருவியா?"

ஷம்ஸியா தலைகுனிந்தாள். யாரிடமும் சொல்லாதது, தனக்குத்தானேகூட முழுதாகச் சொல்லிக்கொள்ளாதது, வாய்வரை வந்துவிட்டது.

"ரெண்டு வாரம் விட்டுப் பாத்தேன் மாமி..." குரல் உடைந்தது. "முடியல்ல."

ஹமீது பீவி மடியை உதறிக்கொண்டு மெதுவாக எழுந்தாள். வானத்தைப் பார்த்தாள். வாசலை விட்டு ஒதுங்கி வழிவிட்டாள். பிறகு, பல நாட்கள் கழித்து முதல் தடவையாக மகனிடம் பேசினாள்.

"வெயில் ஏறுது. அந்தப் புள்ளை சைக்கிளை முதல்ல உள்ள கொண்டா."