அப்பாவின் பச்சைப் பொத்தான்

அப்பா வீட்டில் இருக்கும் நாட்களில் நடுக்கூடத்தில் பார்த்துத்தான் நடக்க வேண்டும். கம்பளத்தின் அந்தக் கோடியில் ஒரு கண்ணாடித் தம்ளர் படுத்திருக்கும். இந்தக் கோடியில் அப்பா மட்டையோடு குனிந்து நின்றிருப்பார். நடுவில் எங்கே கால் வைத்தாலும் ஒரு வெள்ளைப் பந்து உருண்டு வந்து கட்டைவிரலில் இடிக்கும்.

"ஐயோ, என் கோட்டை மிதிச்சிட்டியே சுருட்டை!" என்பார் அப்பா.

"கோடு எங்கப்பா இருக்கு?"

"பந்து போற கோடு. என் கண்ணுக்கு மட்டும் தெரியும்."

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர். வீட்டில் சுருட்டைதான். அவள் தலையில் மாட்டி உடைந்த சீப்புகள் அந்தப் பெயரை வைத்தன.

கோல்ஃப் ஆடுவதுதான் அவளுடைய அப்பாவுக்கு வேலை. மற்ற அப்பாக்கள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போய் மாலையில் வந்துவிடுவார்கள். இவர் பையைத் தூக்கினால் வாரக்கணக்கில் வரமாட்டார். ஊர் ஊராகப் போட்டி நடக்கும். சுருட்டைக்கு முன்பல் விழுந்தபோது அவர் ஓர் ஊரில் இருந்தார். அவள் சைக்கிள் ஓட்டப் பழகியபோது இன்னோர் ஊரில் இருந்தார்.

திரும்பி வந்ததும் அவளை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்.

"நான் பாக்காமலே எல்லாப் பல்லும் முளைச்சிருச்சே" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

அவருடைய சட்டைப்பையில் எப்போதும் ஒரு பழைய காசு இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார். பார்த்ததும் முகம் தொங்கிவிடும்.

"அந்தக் காசுல அப்படி என்னம்மா இருக்கு?" என்று ஒருநாள் சுருட்டை கேட்டாள்.

அம்மா தையற்காரர். வீட்டுக்குக் கீழேயே சின்னக் கடை. அப்போது ஒருவருடைய கால்சட்டையின் நீளத்தைக் குறைத்துக்கொண்டிருந்தார். மிஷினை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"குழியைச் சுத்தி ஒட்ட வெட்டின புல் இருக்கும் பாத்திருக்கியா? அங்க வந்து நின்ன பந்து, அடுத்தவங்களுக்கு இடைஞ்சலா இருந்தா எடுத்துக்கலாம். ஆனா அதுக்குப் பின்னாடி ஒரு காசை வெச்சிட்டுத்தான் எடுக்கணும்."

"இடம் மறக்காம இருக்கவா?"

"ஆமா. அந்தக் காசும் ஒருத்தர் பந்து வர்ற வழியில கிடந்தா, மட்டையோட தலை அகலத்துக்குப் பக்கத்துல நகர்த்தி வைக்கணும். அவர் ஆடி முடிச்சதும் பழைய இடத்துக்கே கொண்டுவந்துடணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அதைத்தான் உங்கப்பா மறந்துட்டார். நீ பிறக்கிறதுக்கு முன்னாடி. பெரிய கோப்பை, கடைசிக் குழி. நகர்த்தின இடத்துலேருந்தே ஆடிட்டார். பந்தும் உள்ள போயிடுச்சு."

"யாரு கண்டுபிடிச்சாங்க?"

"யாரும் இல்ல. எல்லாரும் கைதட்டுறாங்க. குழியிலேருந்து பந்தை எடுக்கக் குனிஞ்சவர் அப்படியே நின்னுட்டார். நேரா நடுவர்கிட்ட போய், 'தப்பான இடத்துலேருந்து ஆடிட்டேன்'னு சொன்னார். குறைச்ச அடியில முடிக்கிறவங்கதான் ஜெயிப்பாங்க; தண்டனையா அவர் கணக்குல ரெண்டு அடி கூட்டிட்டாங்க. கோப்பை வேற ஆளுக்குப் போச்சு."

"சொல்லாமலே இருந்திருக்கலாம்னு அப்பாவுக்குத் தோணுமா?"

"அது தோணவே தோணாது. ஏன் மறந்தேன், ஏன் மறந்தேன்னுதான் இத்தனை வருஷமா." அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அப்புறம் எத்தனையோ போட்டி ஆடினார். கோப்பை மட்டும் அவர் பக்கம் திரும்பவே இல்ல."

கோப்பை கைவிட்டுப்போன அந்த நாளிலிருந்து அப்பாவுக்கு ஒரு பழக்கம். அதே காசைத் தலை மேலே இருக்கும்படி வைப்பார். நகர்த்த நேர்ந்தால் பூ மேலே வரும்படி திருப்பிவிடுவார். தலை தெரிந்தால் சரியான இடம். பூ தெரிந்தால் நகர்த்திய இடம்.

அந்த வருடக் கடைசிப் போட்டி அவர்கள் ஊரிலேயே நடந்தது. வருடம் முழுவதும் பின்தங்கிய ஆட்டக்காரர்களுக்கு அடுத்த வருடம் இடம் கிடையாது. அப்பா அந்த விளிம்பில்தான் நின்றிருந்தார். முதுகுவலி வேறு. இந்தப் போட்டியிலும் சறுக்கினால் வேலை முடிந்தது.

போட்டியின் கடைசி நாள் காலை. சுருட்டை அம்மாவின் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டுத் தேடினாள். பளபளவென்று ஒரு பச்சைப் பொத்தான் கிடைத்தது. காசைவிடக் கொஞ்சம் பெரியது. நான்கு துளைகள்.

"அப்பா, அந்தக் காசு இன்னிக்கு வேண்டாம். அதைப் பாத்தாலே உங்க முகம் ஒரு மாதிரி ஆயிடுது. இதை வெச்சுக்கோங்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு பொத்தானைப் பார்த்தார்.

"சரி. அப்ப இது உன்கிட்ட பத்திரமா இருக்கட்டும்" என்று காசை அவள் கையில் வைத்தார்.

"அது கோட்டு தைக்கக் கொடுத்த டீச்சரோட பட்டன் மாதிரி இருக்கே" என்றார் அம்மா. அதற்குள் அப்பா படியிறங்கிவிட்டார்.

மைதானத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். அதற்குப் பின்னால்தான் எல்லோரும் நிற்க வேண்டும். ஆட்டக்காரர் பந்தின் முன் நின்றால் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. சின்ன வயதில் ஒருமுறை, அப்பா மட்டையை ஓங்கிய நேரத்தில், "அப்பா, பசிக்குது!" என்று சுருட்டை கத்திவிட்டாள். பந்து குளத்துக்குள் போயிற்று. கூட்டம் சிரித்தது. அப்பா அவளைத் திட்டவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அன்றிலிருந்து அப்பா பந்தின் முன் நின்றால் சுருட்டை இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொள்வாள்.

அன்று அப்பா நன்றாகவே ஆடினார். கடைசிக் குழிக்கு வரும்போது, அவருடைய பையைச் சுமக்கும் மாமா கயிற்றோரம் வந்து கிசுகிசுத்தார். அவரைச் சுருட்டை பை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"அண்ணி, இந்தக் குழியில மட்டும் கூடுதலா ஒரு அடி ஆகாம இருந்தா போதும். அண்ணனுக்கு அடுத்த வருஷம் இடம் நிச்சயம்."

அதைச் சொன்ன கையோடு அப்பாவின் பந்து மணற்பள்ளத்தில் விழுந்தது. அப்பா உள்ளே இறங்கி ஒரே அடியில் அதை வெளியே தூக்கினார். பந்து உருண்டு குழிக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது. அதற்குப் பின்னால் பச்சைப் பொத்தானை வைத்துவிட்டுப் பந்தைக் கையில் எடுத்தார். பை மாமா மணலைச் சமன் செய்யப் பள்ளத்துக்குள் இறங்கினார்.

கூட ஆடிய தாடிக்காரர் தூரத்தில் குனிந்து பார்த்தார். "அண்ணே, என் பந்து சரியா அது மேலதான் வரும்போல. கொஞ்சம் நகர்த்திக்கிறீங்களா?"

"தாராளமா தம்பி."

அப்பா எதிரே தெரிந்த பெரிய மரத்தை நோக்கி மட்டையை வைத்து, அதன் தலை அகலத்துக்குப் பொத்தானை நகர்த்தினார். காசைப் பூப்பக்கம் திருப்பும் பழக்கதோஷத்தில் அதைக் கவிழ்த்தும் வைத்தார்.

தாடிக்காரர் பந்தைத் தட்டினார். அது வளைந்து வளைந்து வந்து குழிக்குள் விழுந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து விழும் என்று யாரும் நினைக்கவில்லை. கூட்டம் அலறியது. தாடிக்காரர் தொப்பியை மேலே வீசினார். ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டார். அப்பாவும் அவர் முதுகில் தட்டினார்.

மறுபடி அமைதி. அப்பா குனிந்து பொத்தானுக்கு முன்னால் பந்தை வைத்தார். பொத்தானை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சுருட்டை இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வலது கை சட்டைப்பைக்குள் காசைத் தடவிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் தலை. மறுபக்கம் பூ.

பொத்தானுக்கு?

பொத்தானுக்குத் தலையும் இல்லை, பூவும் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே பச்சை. எப்படித் திருப்பி வைத்தாலும் தெரியாது.

அப்பா நகர்த்தியதை அவள் பார்த்தாள். பழைய இடத்துக்குத் திரும்பக் கொண்டுவந்ததை அவள் பார்க்கவில்லை.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். பை மாமா பள்ளத்துக்குள் முதுகைக் காட்டி நின்றார். தாடிக்காரர் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார். அப்பா மட்டையைப் பின்னுக்கு இழுக்கப்போனார்.

சுருட்டை வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்பா! பட்டன்! மரம்!"

"உஷ்ஷ்!" என்றது கூட்டம். "யாரு பிள்ளைங்க இது?" என்றார் ஒருவர். வெள்ளைத் தொப்பி போட்ட நடுவர் அவளை நோக்கி வேகமாக வந்தார்.

அப்பா நிமிர்ந்தார். முகத்தில் கோபம் இருந்தது. அவளைப் பார்த்தார். அவள் விரல் நீட்டிய மரத்தைப் பார்த்தார். பிறகு காலடியில் பந்தைப் பார்த்தார். கோபம் போய், முகம் வெளுத்துவிட்டது.

மெதுவாகப் பொத்தானை வெளியே எடுத்தார். பந்துக்குப் பின்னால் வைத்தார். பந்தை எடுத்தார். மரத்துக்கு எதிர்ப்பக்கமாக, மட்டையின் தலை அகலத்துக்குப் பொத்தானை நகர்த்தினார். அங்கே பந்தை வைத்தார். நடுவர் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். இன்னும் அடிக்கவில்லை, அதனால் தண்டனை இல்லை.

அந்த இடத்தில் தரை கொஞ்சம் சரிந்திருந்தது. அப்பா நெடுநேரம் பார்த்தார். பிறகு தட்டினார்.

பந்து நேராகப் போயிற்று. குழியின் விளிம்பைத் தொட்டது. உள்ளே எட்டிப் பார்ப்பதுபோல் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு வெளியே நின்றுகொண்டது.

கூட்டத்திலிருந்து "ச்சே" என்று ஒரு சத்தம் எழுந்து அடங்கியது.

அப்பா மீதியையும் உள்ளே தள்ளிவிட்டு, தொப்பியைக் கழற்றி எல்லோருக்கும் வணக்கம் வைத்தார். தாடிக்காரர் பக்கத்தில் வந்தார். அப்பாவின் கையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றார்.

பை மாமா பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "மணலைக் கிளறிக்கிட்டு நின்னுட்டேனே அண்ணே. நான் பாத்திருக்கணும்."

"மணலைப் பாக்கறது உன் வேலைடா. பட்டனைப் பாக்கறது என் வேலை. எழுந்திரு, பை நசுங்குது."

சுருட்டையைக் காணோம். அப்பா தேடிக் கண்டுபிடித்தார். வண்டிகள் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால், புல் வெட்டும் இயந்திரத்தின் நிழலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவரும் முதுகைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் கத்தாம இருந்திருந்தா உள்ள போயிருக்குமாப்பா?"

அப்பா கால்சட்டையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

"போயிருக்கும். அங்கேருந்து நேர்கோடு."

சுருட்டை அழ ஆரம்பித்தாள். "பட்டனும் நான்தான் கொடுத்தேன். கத்தினதும் நான்தான்."

"முழுசா கேளு. பந்து உள்ள போயிருக்கும். எல்லாரும் கைதட்டியிருப்பாங்க. அப்புறம் நிமிர்ந்து அந்த மரத்தைப் பாத்திருப்பேன். ஞாபகம் வந்திருக்கும். மறுபடியும் நடுவர்கிட்ட நடந்திருப்பேன். இடமும் போயிருக்கும். மறுபடியும் ஏன் மறந்தேன், ஏன் மறந்தேன்னு இந்தப் பட்டனையும் தூக்கிக்கிட்டு அலைஞ்சிருப்பேன்."

"இப்ப?"

"இப்ப வெறும் தப்பின அடிம்மா. எல்லாருக்கும் தப்பும். வருத்தமா இருக்கு. ரொம்ப வருத்தமாத்தான் இருக்கு." அவர் மைதானத்தைப் பார்த்தார். ஆட்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். "ஆனா என் இடத்துலேருந்துதான் தப்புச்சு."

அம்மா தேடிக்கொண்டு வந்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தப் பட்டனைக் கொடுங்க. கோட்டுக்கார டீச்சர் நாளைக்கு வந்து கேட்டா என்ன சொல்றது?"

"நானே தைச்சுக் கொடுத்துடறேன். இனிமே எனக்கு வேற என்ன வேலை?" என்று அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பும் பாதியில் நின்றது. ஆனால் அம்மா அதைத் தொடர்ந்து சிரித்தார். "உங்க தையலா? டீச்சர் பாவம்" என்றார்.

வாசலில் ஒரு சின்னக் கடை இருந்தது. கண்ணாடி ஜாடிகளில் மிட்டாய்கள். அப்பா அங்கே நின்றார்.

"சுருட்டை, அந்தக் காசு இருக்கா?"

அவள் எடுத்துக் கொடுத்தாள். அப்பா அதைக் கடைப்பலகையில் வைத்தார்.

"இதுக்கு என்னங்க வரும்?"

கடைக்காரர் குனிந்து பார்த்தார். "ரொம்பப் பழசா இருக்கே சார். ஒரே ஒரு எலுமிச்சை மிட்டாய் வரும். அதுவும் உடைஞ்சது."

"போதும்."

"அப்பா! அது உங்க காசு!"

"ஆமா. இத்தனை வருஷம் சும்மாவே வெச்சிருந்தேன்" என்றார் அப்பா.

சுருட்டை பலகையைப் பார்த்தாள். பூ மேலே தெரிந்தது. ஒரு விரலால் அதைத் திருப்பி, தலை மேலே வரும்படி வைத்தாள். அதற்குப் பிறகுதான் அதைக் கடைக்காரர் பக்கம் தள்ளினாள்.

மிட்டாய் ஏற்கெனவே இரண்டு துண்டாகத்தான் இருந்தது. பெரிய துண்டை அவள் அப்பாவுக்குக் கொடுத்தாள்.