பத்தாவது கட்டம்

பிற்பகல் மூன்றரை மணிக்குக் குழந்தைக்குச் சளி உறிஞ்சலாம் என்று கண்ணாடிப் பெட்டியின் சின்னக் கதவுக்குக் கை நீட்டினாள். தொடுவதற்கு முன்பே மானிட்டரில் குழந்தையின் இதயத் துடிப்பு நூற்று ஐம்பதிலிருந்து நூற்றுத் தொண்ணூறுக்கு ஏறியது. கையை இழுத்துக்கொண்டாள். மெல்ல இறங்கியது. மறுபடி நீட்டினாள். ஏறியது.

நேற்று இரவு எட்டு மணிக்கு டியூட்டிக்கு வந்த நர்ஸ் அவள். காலையில் வரவேண்டியவள் லீவு போட்டதால் அப்படியே இருக்கச் சொல்லிவிட்டார்கள். கால் இரண்டும் தன்னுடையதுதானா என்று சந்தேகமாக இருந்தது. ஜன்னலே இல்லாத அந்த அறையில் பகலும் இரவும் ஒரே மங்கல் வெளிச்சம், ஸ்பிரிட் நெடி, ஈரச்சூட்டின் மணம், அதற்கு நடுவே வென்டிலேட்டர் யாரோ பொறுமையாக ஊதிக்கொண்டிருப்பதுபோல் புஸ், புஸ் என்று விட்ட மூச்சு. தூக்கக் கலக்கம், வேறென்ன என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள்.

அடுத்த பெட்டியருகே நின்றிருந்த சீனியர் அக்காவைக் கூப்பிட்டு ஒரு தடவை கை வைத்துப் பார்க்கச் சொன்னாள். அக்காவின் கை உள்ளே போய்க் குழந்தையின் தலையைத் தடவியது. நூற்று ஐம்பது. நகரவில்லை.

"உன்னப் பாத்தா எங்களுக்கே பயம். இது பச்சப்புள்ள, என்ன பண்ணும்?" என்று சிரித்துவிட்டு அக்கா போனாள்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மாதம் முன்கூட்டியே பிறந்து, உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற பிள்ளை. நேற்று மாலைதான் வயிற்றைக் கிழித்துத் தைத்திருந்தார்கள். மெஷினோடு மல்லுக்கட்டாமல் இருக்க, உடம்பை அசையவிடாமல் கட்டிப்போடும் மருந்து ஒரு பம்பில். வலி தெரியாமல் இருக்க, இன்னொரு மருந்து இன்னொரு பம்பில். ராத்திரி முழுக்கக் குதிகாலில் ஊசி குத்தியது அவள். குழாயில் சளி உறிஞ்சியது அவள். காயத்தின் பிளாஸ்திரியைப் பிய்த்து மாற்றியதும் அவள்தான்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போடும் வலி ஸ்கோர் தாளை எடுத்தாள். முகம், அழுகை, கை கால். ஒன்பது கட்டங்கள். ஒன்பதிலும் அவள் கையெழுத்தில் பூஜ்யம்.

முதல் கட்டத்திலிருந்து மறுபடி பார்த்தாள்.

கட்டிப்போடும் மருந்து ஓடுகிற குழந்தைக்கு எண் போடவே கூடாது, 'கணிக்க இயலாது' என்றுதான் எழுதவேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் படித்துப் படித்துச் சொல்பவளே அவள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இது அழவே வழியில்லாத பிள்ளை. முகம் சுளிக்கவில்லை, பூஜ்யம். அழவில்லை, பூஜ்யம். பழகிய கை, தூங்கிக்கொண்டே எழுதிவிட்டது. காலை ஒன்பது மணி ரவுண்ட்ஸில் டாக்டர் வரிசையாக ஆறு பூஜ்யத்தைப் பார்த்தார்; வலிதான் இல்லையே என்று வலி மருந்தை நிறுத்திவிட்டார். கட்டிப்போடும் மருந்து மட்டும் மதியம் இரண்டு வரை ஓடியது.

ஒன்பதிலிருந்து மூன்றரை. விரல்விட்டு எண்ணினாள். ஆறரை மணி நேரம்.

மதியம் அம்மாக்காரி அறைக் கதவின் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, அவனுக்கு வலிக்குதா சிஸ்டர் என்று கேட்டிருந்தாள். துளிகூட இல்லம்மா என்று இவள்தான் சொல்லி அனுப்பினாள்.

டாக்டருக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள். உடனே வலி மருந்தை ஆரம்பிக்கச் சொன்னார். அந்த மருந்து கீழ்த்தளத்தில், இரட்டைப் பூட்டுக்குள். அக்கா சாவியோடு ஓடினாள். இவள் பெட்டி அருகே நின்றாள். நிற்க நிற்க எண் ஏறியது. நூற்றுத் தொண்ணூறு. இருநூறு. பயந்துபோய் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். இறங்கியது. தன் காலடி அதற்குத் தெரிகிறது. ராத்திரி முழுக்கக் கேட்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும், வருகிறாள், வருகிறாள் என்று.

நான்கு மணிக்குப் பார்வை நேரம். அம்மாக்காரி உள்ளே வந்தாள். வேண்டாம், கொஞ்சம் பொறுத்து வாங்க என்று சொல்ல இவள் வாயெடுத்தாள். அதற்குள் அம்மாக்காரி பெட்டியருகே போய்விட்டாள். இவள் கையில் தாள். பத்தாவது கட்டம் காலி.

குழந்தையின் சுண்டுவிரல் அசைந்தது.

கட்டிப்போட்ட மருந்தின் வீரியம் குறைகிறது. கட்டு அவிழ்கிறது. வலி மருந்து இன்னும் வரவில்லை.

புருவம் நெரிந்தது. குழாயைச் சுற்றி உதடு விரிந்தது. வாய் திறந்தது. இன்னும் திறந்தது. சத்தமில்லை. தொண்டைக்குள் குழாய் இருக்கும்போது சத்தம் எங்கிருந்து வரும்?

"சிஸ்டர்! இங்க பாருங்க, கொட்டாவி விடுறான்!" அம்மாக்காரிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "மொத தடவையா அசையுறான். நல்லாயிட்டான்ல?"

புஸ். புஸ்.

இருநூற்றுப் பத்து.

அம்மாக்காரி சிரித்தபடி இவள் கையைப் பிடித்துப் பெட்டிக்கு அருகே இழுத்தாள். இமை பிளந்தது. கருவிழி அம்மாவைத் தாண்டி நகர்ந்து, இவள் முகத்தில் வந்து நின்றது.

வாய் மூடவில்லை.