திருத்தப்படாத பதினான்கு படங்கள்

இதனால் சகல குடிமக்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: மனிதகுல வரலாற்றின் மகத்தான தருணங்களில் ஒன்றாக, வரும் வியாழன் காலை பத்து மணிக்கு, திருச்சி தொல்கருவிக் காப்பகத்தின் குளிரூட்டப்பட்ட அரங்கில், இயக்குநர் முனைவர் ஆளவந்தார் அவர்களின் பொற்கரங்களால், ஒரு கேமரா ஒரு கணினியோடு ஒரு கம்பியால் இணைக்கப்படும். சிற்றுண்டி உண்டு.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இதே காரியத்தை, சுற்றுலா போய் வந்தவர்கள் குளிக்கக்கூடப் போகாமல் செய்துகொண்டிருந்தார்கள் என்பதை அறிவிப்பு சொல்லவில்லை.

இப்போது யாரும் எதையும் எதோடும் இணைப்பதில்லை. படம் எடுத்த கணமே அது நயப்பான் என்ற திருத்தும் மென்பொருளுக்குப் போய்விடும். நயப்பான் கன்னத்துக் குழியை நிரப்பும், மூக்கை நேராக்கும், தூங்கி வழிகிறவரைச் சிரிக்க வைக்கும். புதுப் பதிப்பு வெளிவரும்போதெல்லாம் பழைய படங்களையும் மறுபடி திருத்தும். வீட்டுக் கண்ணாடிகள் திரைகளாகிவிட்டதால் அவற்றில் தெரியும் முகத்துக்கும் அதே கவனிப்பு. அடையாள அட்டைக்கும் அப்படியே.

குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்ற தணிகாசலத்தின் மனைவி குணவதி இறந்து பதினொரு வருடம். கூடத்தில் அவள் படம் இருக்கிறது. நாற்பதாம் பதிப்பில் அவளுக்குப் புருவம் மாறியது. நாற்பத்தாறில் ஒரு பல்வரிசை வந்தது. ஐம்பத்திரண்டில் அவள் பக்கத்து வீட்டுக்காரரின் மனைவியைப் போலவும், அந்த வீட்டம்மா குணவதியைப் போலவும் ஆனார்கள். தணிகாசலம் தினமும் மாலை போட்டார். யாருக்குப் போடுகிறோம் என்ற சந்தேகம் மட்டும் தலையில் மந்தமாக உட்கார்ந்திருந்தது. அழுகை வரவில்லை. அழுவதற்கு ஒரு முகம் வேண்டியிருந்தது.

அவள் பழைய பொருள் சந்தையில் விளையாட்டாக வாங்கிய கேமரா ஒன்று பரணில் கிடைத்தது. திரை செத்துவிட்டது. உள்ளே பதினான்கு படங்கள் இருக்கக்கூடும். எந்தப் புதுக் கருவியோடு இணைத்தாலும் அது முதல் வேலையாகத் திருத்திவிட்டுத்தான் காட்டும். திருத்தத் தெரியாத, யூனிக்ஸ் என்ற பழங்கால வகைக் கணினி மாநிலத்திலேயே ஒன்றுதான், காப்பகத்தில் இருந்தது. மூன்று வருடம் மனுப் போட்டார். நான்காம் வருடம் அது விழாவாகிவிட்டது.

வியாழனன்று கேமராவுக்கும் கணினிக்கும் சந்தனம், குங்குமம் வைத்திருந்தார்கள். கம்பி நுழையும் துளையிலும் வைத்திருந்தார்கள். கருவிப் பராமரிப்பு ஊழியர் மெஹருன்னிசா பல்குச்சியால் அதைச் சுரண்டி எடுக்கும்வரை இயக்குநர் மனிதகுலம் பற்றிப் பேசினார். பிறகு கம்பியைச் செருகினார். அரங்கம் கைதட்டியது. கணினி சும்மா இருந்தது.

"என்னம்மா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது?"

"தப்பு நடந்தாத்தான் சார் பேசும். இப்ப எல்லாம் சரியாத்தான் இருக்கு."

தம் அலுவலகத்திலும் இப்படி ஒன்று இருந்தால் என்ன என்று இயக்குநர் ஒரு கணம் ஏங்கியிருக்க வேண்டும்.

கம்பி மட்டும் போதாது, கேமராவைக் கணினியின் கோப்பு அடுக்கில் ஓர் இடத்தில் ஆணையிட்டுப் பொருத்தினால்தான் உள்ளே இருப்பது தெரியும் என்று மெஹருன்னிசா விளக்கினாள். அவள் சொல்லிக்கொடுத்த ஒற்றை வரி ஆணையை இயக்குநரே தட்டினார். அனுமதி இல்லை என்று வந்தது. அவருடைய பணிக்காலத்தில் அவர் அந்த வாக்கியத்தைச் சொல்லித்தான் பழக்கம்.

பொருத்தும் அதிகாரம் மூலவருக்கு மட்டுமே என்றாள் அவள்.

"யாரு அந்த மூலவர்?"

"கடவுச்சொல் தெரிஞ்சவங்க சார். இங்க நான்தான்."

கடைநிலை ஊழியர் மூலவராக இருக்க விதிகளில் இடமில்லை என்று துணை இயக்குநர் சுட்டிக்காட்டினார். பதினைந்து நிமிட ஆலோசனைக்குப் பின், 'பொறுப்பு மூலவர்' என்று ஓர் ஆணை பிறப்பிக்கப்பட்டது. மெஹருன்னிசா தட்டினாள். கணினி ஒன்றும் சொல்லவில்லை. பதினான்கு கோப்புகள் வந்து நின்றன.

பதின்மூன்றில் மேகமும் செருப்பும். பதினான்காவதில், பழங்காலத்து ரசக்கண்ணாடி ஒன்றின் முன் ஒரு பெண் கேமராவைப் பிடித்தபடி நின்றாள். ஒரு கண் மற்றதைவிடச் சிறியது. மேலுதட்டில் மரு. முன்பல்லில் சிறு இடைவெளி. அவள் தோளுக்குப் பின்னால் ஒருவர் வாயில் பல்துலக்கியோடு நின்றார். அவர் மூக்கு இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

அரங்கத்தில் முணுமுணுப்பு. படம் கெட்டுவிட்டது என்றார் துணை இயக்குநர். யாருக்காவது இப்படி முகம் இருக்குமா என்றது பின்வரிசை.

தணிகாசலம் வெகுநேரம் பார்த்தார். அழுகையாவது வரும் என்று காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

"இது அவ இல்லைங்க. கேமரா மாறிப்போச்சு."

மெஹருன்னிசா திரையைப் பார்த்தாள். திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் மூக்கும் இடப்பக்கம்தான் சாய்ந்திருந்தது.

"ஐயா, பின்னாடி நிக்கிறது நீங்கதான்."

"என்னம்மா நீ. தினம் காலைல கண்ணாடியில பார்க்கறேன். என் மூக்கு நேரா இருக்கும்."

"கண்ணாடிய விடுங்க. கையால தொட்டுப் பாருங்கய்யா."

அவர் கையைத் தூக்கினார். அதற்குள் இயக்குநர் குறுக்கிட்டார். அரசு நிறுவனத்தில் மூக்கைத் தடவி முடிவெடுக்கும் நடைமுறை இல்லை என்றார். அடையாள அட்டை வாங்கப்பட்டது. அட்டையில் நேரான மூக்கு இருந்தது. படத்திலிருப்பவர் மனுதாரர் அல்லர் என்று பதிவானது. தணிகாசலம் பாதியில் நின்ற கையை இறக்கிக்கொண்டார். அவருக்குச் சற்று நிம்மதியாகக்கூட இருந்தது.

பிறகு அவருக்குச் சங்கடமாகிவிட்டது. யாரோ வீட்டுப் பெண், தலைகூடச் சீவாமல் நிற்கிறாள், இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அடுத்தவன் சம்சாரத்த இப்படி வச்சுப் பாக்கறது முறையில்லைம்மா. அழிச்சிடு."

மெஹருன்னிசா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். இயக்குநர் பொறுப்பு மூலவருக்கு எழுத்தில் ஆணை கொடுத்தார். அவள் இன்னொரு முறை தணிகாசலத்தைப் பார்த்தாள். அவர் நாகரிகமாகத் திரைக்கு முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தார். ஒரு வரி தட்டினாள். நிச்சயமா என்று அந்தக் கணினி கேட்கவில்லை.

சிற்றுண்டியில் கேசரி. தணிகாசலம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். வீட்டுக்குப் போய்க் கூடத்துப் படத்துக்கு மாலை மாற்றினார். ஐம்பத்து மூன்றாம் பதிப்பு அன்று காலைதான் வந்திருந்தது.

கேமரா மாறவில்லை.